உழவு இயந்திரத்தில் ஸ்டார்ட்டர் மாற்றிய பின் தோன்றும் மின்கோளாறுகள்

கண்டி மாநகருக்குக் கிழக்கே மகாவலி கங்கையை அடுத்து அமைந்துள்ளது குண்டசாலை. 1707ஆம் ஆண்டு முதல் 1739ஆம் ஆண்டு வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்க மன்னன் இங்கு மாளிகை அமைத்து வாழ்ந்தமையால், குண்டசாலை மன்னன் என்றே மக்களால் அழைக்கப்பட்டான். இன்று விவசாயத் திணைக்களத்தின் விவசாயப் பாடசாலை இவ்வூரில் நடைபெற்று வருகின்றது. இப்பகுதியிற் சமதரை குறைவு, சரிவு அதிகம். பள்ளத்தில் வயலும், அதன் மேலே மரக்கறித் தோட்டமும், வீட்டைச் சூழ மிளகும் தென்னையும் சிறு சிறு துண்டுகளாகக் கிடக்கும். இத்தகைய நிலத்திற் பெரிய உழவு இயந்திரம் திரும்புதற்கே இடம் போதாது. ஆதலின் இருசில்லு உழவு இயந்திரமும், சிறிய நாற்சில்லு உழவு இயந்திரமுமே இங்குள்ள கமக்காரருக்கு ஏற்றவை.

இருசில்லு இயந்திரம் இலங்கைக்குப் புதியதன்று. 1950களில் லேண்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு இயந்திரத்தை உருவாக்கிப் பரப்பியவர்களுள் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்த்தன (1924–2010) முன்னோடியாவார். அவ்வியந்திரத்தின் பெயரே காலப்போக்கில் இருசில்லு இயந்திரங்கள் யாவற்றிற்கும் வழங்கும் பொதுப்பெயராயிற்று. அவற்றுட் பெரும்பாலானவை கைப்பிடியாற் சுற்றி இயக்கப்படுவன. அவற்றில் ஸ்டார்ட்டரும் இல்லை. அது சார்ந்த தொல்லையும் இல்லை. சிறிய நாற்சில்லு இயந்திரத்தின் நிலை வேறு. அதன் டீசல் எஞ்சினை மின்சாரத்தால் இயங்கும் ஸ்டார்ட்டரே சுழற்றி எழுப்ப வேண்டும். ஸ்டார்ட்டர் பழுதுற்றால் இயந்திரம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

பெரும்போகத்திற்கான முதல் மழை ஒக்டோபர் மாதத்தில் விழுந்ததும் நிலத்தைப் பண்படுத்தற்குக் கிடைக்கும் காலம் மிகச் சிறிது. அந்நாட்களிற் பழுதுற்ற ஸ்டார்ட்டரைக் கழற்றிப் புதியதொன்றைப் பூட்டிய பின்னரும் இயந்திரம் இயங்கவில்லையெனின், கமக்காரர் மனங் கலங்குவது இயல்பே. புதிய ஸ்டார்ட்டரும் பழுதானது என்று எண்ணி, அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தேடி அலைபவர் பலர். பணமும் வீணாகும், பருவமும் கடந்துவிடும். உண்மையில், ஸ்டார்ட்டர் மாற்றியவுடன் தோன்றும் கோளாறுகளிற் பெரும்பாலானவை புதிய ஸ்டார்ட்டரினுள் இருப்பனவல்ல. அதனை மாற்றும்போது கழற்றப்பட்ட வயர்களிலும், தொடப்பட்ட இணைப்புக்களிலுமே அவை ஒளிந்திருக்கும். பன்னிரண்டு வோல்ற்றுச் சோதனை விளக்கு ஒன்றும், மலிவான மின்னளவுக் கருவி ஒன்றும், சிறிது பொறுமையும் இருப்பின் அவற்றைக் கண்டறிதல் கடினமன்று.

ஸ்டார்ட்டர் இயங்கும் முறை

கோளாற்றைத் தேடுமுன் கருவி எவ்வாறு இயங்குகின்றதென அறிந்துகொள்ளல் வேண்டும். ஸ்டார்ட்டரின் மேற்புறத்தே சிறு உருளை போன்ற பாகம் ஒன்று இருக்கும். இதுவே சொலனோயிட் எனப்படுவது. இதில் மூன்று முனைகள் உள்ளன. பற்றரியின் நேர்முனையிலிருந்து வரும் தடித்த வயர் பூட்டப்படும் பெரிய முனை ஒன்று. ஸ்டார்ட்டர் மோட்டருக்குட் செல்லும் பெரிய முனை மற்றொன்று. திறப்பு ஆளியிலிருந்து வரும் மெல்லிய வயர் பூட்டப்படும் சிறிய முனை மூன்றாவது. இவற்றை முறையே பற்றரி முனை, மோட்டர் முனை, ஆளி முனை எனக் குறித்தல் வசதியாகும்.

திறப்பைத் திருப்பியதும் ஆளி முனைக்கு மின் வருகின்றது. சொலனோயிட்டினுள் இருக்கும் கம்பிச் சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் தண்டை இழுக்கின்றது. அத்தண்டு இரு வேலைகளைச் செய்கின்றது. முதலாவது, ஸ்டார்ட்டரின் சிறு பற்சில்லை முன்தள்ளி எஞ்சினின் பெரும் பற்சில்லோடு கோக்கின்றது. இரண்டாவது, பற்றரி முனையையும் மோட்டர் முனையையும் உள்ளே ஒரு செப்புத் தகட்டினால் இணைக்கின்றது. அப்போதே மோட்டர் சுழல்கின்றது. சிறிய உழவு இயந்திரத்தின் ஸ்டார்ட்டர் சுழலும்போது நூற்றைம்பது முதல் இருநூற்றைம்பது அம்பியர் வரை மின்னை இழுப்பது சாதாரணம். வீட்டு மின்குமிழ் ஒன்று இழுப்பதைப் போலப் பன்மடங்கான இவ்வோட்டம் செல்லும் பாதையில் ஒரு சிறு தளர்ச்சியும் பொறுக்கப்படாது.

இங்கே கவனிக்க வேண்டியது மற்றொன்றுண்டு. அநேக இயந்திரங்களிற் பற்றரி முனை ஸ்டார்ட்டருக்கு மட்டும் உரியதன்று. அது ஒரு சந்தியுமாகும். திறப்பு ஆளிக்கும் விளக்குகளுக்கும் மின்னைக் கொண்டு செல்லும் வயரும், அல்டர்னேற்றரிலிருந்து பற்றரிக்கு மின்னேற்றும் வயரும் அதே முனையிலேயே வந்து பூட்டப்படும். ஸ்டார்ட்டரை மாற்றுபவர் தடித்த வயரை மட்டும் பூட்டிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கிலே மறைந்து கிடக்கும் மெல்லிய வயரை மறந்துவிடுதல் எளிது. மாற்றியபின் தோன்றும் கோளாறுகளிற் பலவற்றிற்கு இதுவே வேர்.

வேலை தொடங்குமுன்

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தல் வேண்டும். குண்டசாலை போன்ற சரிவிடங்களிற் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் அல்லது மரக்கட்டை இடுதல் இன்றியமையாதது. கியரை நடுநிலையில் வைத்து, கைத்தடையை இழுத்து, பின்னே பூட்டிய கலப்பையை நிலத்தில் இறக்கிவிடல் வேண்டும்.

ஸ்டார்ட்டரின் வயர்களைத் தொடுமுன் பற்றரியின் எதிர்முனை வயரை முதலிற் கழற்றல் வேண்டும். பூட்டும்போது அதனை இறுதியாகப் பூட்டல் வேண்டும். நேர்முனையை முதலிற் கழற்ற முயன்று ஸ்பானர் இயந்திரத்தின் உடலில் முட்டினால், பற்றரியின் முழு வலிமையும் அவ்வழியே பாய்ந்து ஸ்பானரைச் செந்நெருப்பாக்கும். மின்னேறும் பற்றரியிலிருந்து எளிதில் வெடிக்கும் ஐதரசன் வாயு வெளிப்படுமாதலின், அதன் அருகே புகைபிடித்தலும் பொறி எழுப்புதலும் ஆகா. மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் முதலியவற்றைக் கழற்றி வைத்தல் நன்று.

1950களிற் செய்யப்பட்ட பிரித்தானிய உழவு இயந்திரங்கள் பலவற்றிற் பற்றரியின் நேர்முனையே இயந்திரத்தின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பழைய இயந்திரத்தைப் புதுப்பித்து வைத்திருப்போர் தம் இயந்திரம் எவ்வகையினது என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும். இங்கே கூறப்படுவன யாவும் எதிர்முனை உடலோடு இணைந்த பன்னிரண்டு வோல்ற்று இயந்திரங்களுக்கு உரியன. அல்டர்னேற்றர் உள்ள இயந்திரத்திற் பற்றரியைத் தலைமாறிப் பூட்டினால், அதனுள் இருக்கும் டயோடுகள் கணப்பொழுதில் எரிந்துபோகும். பிரதான பியூசும் உருகும்.

முதலிற் பற்றரி

ஸ்டார்ட்டர் பழுதுற்ற நாட்களிற் கமக்காரர் மீண்டும் மீண்டும் திறப்பைத் திருப்பிப் பார்த்திருப்பார். அதனாற் பற்றரி வலுக்குன்றியிருத்தல் பெரிதும் கூடும். ஆகவே புதிய ஸ்டார்ட்டரைக் குறைகூறுமுன் பற்றரியைச் சோதித்தல் முறை. இயந்திரம் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின் அளந்தால், முழு மின்னேற்றமுடைய பற்றரி 12.6 வோல்ற்று அளவிற் காட்டும். 12.4 வோல்ற்று ஏறக்குறைய முக்காற் பங்கையும், 12.2 வோல்ற்று அரைப் பங்கையும், 12.0 வோல்ற்று காற் பங்கையும் குறிக்கும். 12.4 வோல்ற்றுக்குக் குறைந்திருப்பின் மின்னேற்றிய பின்னரே மற்றச் சோதனைகளைச் செய்தல் வேண்டும்.

மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின் அமிலத்தின் தன்னீர்ப்பை மானிகொண்டு ஆறு அறைகளையும் தனித்தனியே அளக்கலாம். ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்குமிடையே 0.050க்கு மேல் வேறுபாடு காணப்படின், குறைந்த அறை பழுதடைந்ததெனக் கொள்ளல் வேண்டும். அத்தகைய பற்றரி 12 வோல்ற்றுக்கு மேற் காட்டினும், ஸ்டார்ட்டரைச் சுழற்றும் வேளையிற் சோர்ந்துவிடும். நீர் குறைந்த அறைகளுக்குக் காய்ச்சி வடித்த நீரையே இடல் வேண்டும். கிணற்று நீரோ குழாய் நீரோ ஆகாது.

ஓசையும் ஒளியும் கூறும் செய்தி

பற்றரி நன்னிலையில் இருப்பின், அடுத்த சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கண்ணும் செவியும் போதும். முன்விளக்குகளை எரியவிட்டு, திறப்பைத் தொடக்கும் நிலைக்குத் திருப்பி, விளக்கின் ஒளியையும் எழும் ஓசையையும் ஒருங்கே கவனித்தல் வேண்டும்.

1. விளக்கே எரியவில்லை, ஓசையும் இல்லை: பிரதான பியூஸ் உருகியிருத்தல் கூடும், அல்லது பற்றரி முனையிலிருந்து ஆளிக்குச் செல்லும் வயர் பூட்டப்படாதிருத்தல் கூடும். அவ்வயர் தவறுதலாக மோட்டர் முனையிற் பூட்டப்பட்டிருப்பினும் இதே நிலை தோன்றும். சொலனோயிட் இணைக்காதவரை மோட்டர் முனைக்குப் பற்றரியின் மின் வருவதில்லை. ஆளிக்கு மின் வராதவரை சொலனோயிட் இணைப்பதுமில்லை.

2. விளக்கு எரிந்து, திறப்பைத் திருப்பியதும் முற்றாக மங்குகின்றது: பற்றரியின் முனைகளிலோ புவித்தொடுப்பிலோ தளர்ச்சி அல்லது துரு உண்டு. பற்றரியே வலுவற்றதாயினும் இவ்வாறு நிகழும். தொடர்ந்து கடகடவென்ற ஓசை எழுவதும் இதன் அறிகுறியே.

3. விளக்கின் ஒளி மாறவில்லை. ஒரேயொரு தட்டோசை மட்டும் கேட்கின்றது: சொலனோயிட் இழுக்கின்றது. ஆயினும் மோட்டருக்கு மின் செல்லவில்லை. சொலனோயிட்டின் உட்தகடு, மோட்டர் முனையின் நட்டு, ஸ்டார்ட்டரின் புவித்தொடுப்பு என்பவற்றைச் சோதித்தல் வேண்டும்.

4. விளக்கின் ஒளி மாறவில்லை; ஓசையே இல்லை: ஆளி முனைக்கு மின் வரவில்லை. திறப்பு ஆளி, காப்பு ஆளிகள், ரிலே, ஆளி முனையின் மெல்லிய வயர் என்பவற்றுள் ஒன்றிற் கோளாறு உண்டு.

5. ஸ்டார்ட்டர் விரைந்து சுழல்கின்றது. எஞ்சின் அசையவில்லை: பற்சில்லுகள் கோக்கவில்லை. ஸ்டார்ட்டர் அவ்வியந்திரத்துக்கு உரியதல்லாதிருத்தல் கூடும், அல்லது அதன் ஒருவழிக் கிளச்சு நழுவுதல் கூடும்.

6. பற்றரியின் வயரைப் பூட்டிய கணமே ஸ்டார்ட்டர் தானாகச் சுழல்கின்றது: தடித்த வயர் பற்றரி முனைக்குப் பதிலாக மோட்டர் முனையிற் பூட்டப்பட்டுள்ளது. உடனே எதிர்முனை வயரை விலக்குதல் வேண்டும்.

ஆளி முனையைச் சோதித்தல்

ஓசையே எழாத இயந்திரத்திற் சோதனை விளக்கு பெரிதும் உதவும். விளக்கின் ஒரு வயரை எஞ்சினின் துருவற்ற உலோகப் பகுதியிற் பொருத்தி, மற்றதனை ஆளி முனையில் வைத்து, வேறொருவர் இருக்கையில் அமர்ந்து திறப்பைத் திருப்ப வேண்டும். விளக்கு பிரகாசமாக எரிந்தும் சொலனோயிட் இழுக்கவில்லையாயின், ஸ்டார்ட்டரிலேயே பழுது உண்டென ஐயுறலாம். எரியவில்லையாயின் ஸ்டார்ட்டரிற் குற்றமில்லை; அதற்கு முன்னுள்ள பாதையிலேயே குற்றம்.

அப்பாதையிற் காப்பு ஆளிகள் உள்ளன. கிளச்சு மிதி அழுத்தப்பட்டிருக்கின்றதா, கியர் நடுநிலையில் உள்ளதா, பின்புறச் சுழல்தண்டு துண்டிக்கப்பட்டுள்ளதா என்பவற்றை இவை உறுதி செய்யும். சில இயந்திரங்களில் இருக்கையின் கீழும் ஓர் ஆளி உண்டு. எல்லா நிபந்தனைகளும் நிறைவேறினாலன்றி ஸ்டார்ட்டருக்கு மின் செல்லாது. ஸ்டார்ட்டரைக் கழற்றும்போது கை அல்லது ஸ்பானர் பட்டு இவ்வாளிகளின் இணைப்பு நழுவுவது உண்டு. சுழல்தண்டின் நெம்புகோல் இணைந்த நிலையில் விடப்பட்டிருந்தாலே போதும், இயந்திரம் ஓசையற்று நிற்கும். ஆகவே வயர்களை வெட்டிப் பார்க்குமுன் நெம்புகோல்களையும் இணைப்புக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தல் அறிவுடைமை.

விளக்கு எரிவதனால் மட்டும் நம்பற்க

சோதனை விளக்குக்கும் ஓர் எல்லை உண்டு. தளர்ந்த இணைப்பு ஒன்றின் தடை ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கே எனக் கொள்ளலாம். முன்விளக்குகள் இரண்டும் இழுக்கும் ஒன்பது அம்பியர் அவ்விணைப்பின் வழியே செல்லும்போது இழக்கப்படுவது 0.09 வோல்ற்று, அது கண்ணுக்குத் தெரியாது. ஸ்டார்ட்டருக்கு வேண்டிய இருநூறு அம்பியர் அவ்வழியே செல்லும்போதோ இழக்கப்படுவது 2 வோல்ற்று. பற்றரி 10.5 வோல்ற்றைக் கொடுத்தாலும் ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது 8.5 வோல்ற்றே. ஆதலினாலேயே, விளக்கு நன்றாக எரிகின்றது, ஸ்டார்ட்டர் மட்டும் சோம்புகின்றது என்னும் முறைப்பாடு அடிக்கடி எழுகின்றது.

இவ்விழப்பை அளத்தற்கு எஞ்சின் எழும்பாதிருக்க எரிபொருளை நிறுத்தும் பிடியை இழுத்து வைத்து, அல்லது எரிபொருள் ஆளியின் வயரைக் கழற்றி வைத்து, ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் மட்டும் சுழற்றல் வேண்டும். சுழலும்போது அளவுக் கருவியைப் பின்வருமாறு பிடித்தல் வேண்டும்:

பற்றரியின் இரு முனைகளுக்கிடையே: 9.6 வோல்ற்றுக்குக் குறையலாகாது. குறையின் பற்றரியைச் சோதிக்க வேண்டும்.

பற்றரியின் நேர்முனைக்கும் ஸ்டார்ட்டரின் பற்றரி முனைக்குமிடையே: 0.5 வோல்ற்றுக்கு மேற்படலாகாது. மேற்படின் தடித்த வயரிலோ அதன் இரு அந்தங்களிலோ கோளாறு உண்டு.

சொலனோயிட்டின் இரு பெரிய முனைகளுக்கிடையே: 0.3 வோல்ற்றுக்கு மேற்படலாகாது. மேற்படின் உட்தகடு கருகியுள்ளது.

பற்றரியின் எதிர்முனைக்கும் ஸ்டார்ட்டரின் உலோக உடலுக்குமிடையே: 0.3 வோல்ற்றுக்கு மேற்படலாகாது. மேற்படின் புவித்தொடுப்புச் சரியில்லை.

அளவுக் கருவியைப் பற்றரியின் ஈய முனையிலேயே வைத்தல் வேண்டும். அதன்மேற் பூட்டிய பிடியில் வைத்தலாகாது. பிடிக்கும் முனைக்கும் இடையே உள்ள துருவே பெரும்பாலும் குற்றவாளியாகும்.

மறக்கப்படும் புவித்தொடுப்பு

மின் பற்றரியிலிருந்து புறப்பட்டால் மட்டும் போதாது. திரும்பி வருதற்கும் வழி வேண்டும். ஸ்டார்ட்டரின் உடலே அவ்வழியின் முதற்படி. புதிய ஸ்டார்ட்டர் பூட்டப்படும் முகத்திற் பூச்சு இருப்பினும், எஞ்சினின் முகத்திற் பழைய எண்ணெயும் துருவும் படிந்திருப்பினும் அவ்வழி அடைபடும். இரு முகங்களையும் அரத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்துத் துடைத்த பின்னரே பூட்டல் வேண்டும்.

சில இயந்திரங்களில், எஞ்சினையும் உடற்சட்டத்தையும் இணைக்கும் புவிப்பட்டி ஸ்டார்ட்டரைத் தாங்கும் போல்ட்டுக்களுள் ஒன்றிலேயே பூட்டப்பட்டிருக்கும். அதனை மீண்டும் பூட்ட மறந்தால் மின் வேறு வழி தேடும். விசைக் கம்பி, மீற்றர்க் கம்பி போன்ற மெல்லிய உலோகக் கயிறுகளின் வழியே அது பாயும். ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது அத்தகைய கம்பியொன்று சூடேறினாலோ புகைந்தாலோ, புவிப்பட்டி இல்லை என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. நல்ல தடித்த வயர் ஒன்றைப் பற்றரியின் எதிர்முனையிலிருந்து எஞ்சினின் உடலுக்குத் தற்காலிகமாகப் பிடித்துப் பார்க்கலாம். அவ்வாறு பிடிக்கும்போது ஸ்டார்ட்டர் உரமாகச் சுழலுமாயின் ஐயம் தீர்ந்தது.

எஞ்சின் சுழல்கின்றது, எழும்பவில்லை

ஸ்டார்ட்டர் நன்கு சுழற்றியும் டீசல் எஞ்சின் எழும்பாதிருத்தல் உண்டு. புகைக் குழாயிலிருந்து சிறிதும் புகை வராதாயின் எரிபொருள் செல்லவில்லை என்று கொள்ளல் வேண்டும். எரிபொருளைத் திறப்பதற்கென மின் ஆளி உள்ள இயந்திரங்களில், திறப்பைத் திருப்பியதும் பம்பியின் அருகே மெல்லிய தட்டோசை கேட்க வேண்டும். கேட்கவில்லையாயின் அதன் பியூசையும் வயரையும் பார்த்தல் வேண்டும். வெண்புகை வந்தும் எழும்பாதாயின், குறிப்பாகக் குளிர்ந்த காலைவேளைகளில், சூடேற்றும் முனைகளுக்கு மின் வருகின்றதா எனச் சோதித்தல் வேண்டும்.

ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிகளுக்கு மேல் தொடர்ந்து சுழற்றலாகாது. ஒவ்வொரு முறைக்குமிடையே ஒரு நிமிடமேனும் ஆறவிடல் வேண்டும். பொறுமையின்றித் தொடர்ந்து சுழற்றியே புதிய ஸ்டார்ட்டரை ஒரே நாளில் எரித்துவிடுவோர் உளர்.

எஞ்சின் எழும்பிய பின்

இயந்திரம் இயங்கிவிட்டது என்று மகிழ்ந்து வேலையை முடித்துக்கொள்ளலாகாது. மின்னேற்றும் வயர் மீண்டும் பூட்டப்படாவிடின் அன்று முழுதும் இயந்திரம் உழும். மறுநாட் காலையில் எழும்பாது. ஆகவே எஞ்சின் மிதமான வேகத்தில் ஓடும்போது பற்றரியின் முனைகளை அளத்தல் வேண்டும். 13.8 முதல் 14.5 வோல்ற்று வரை காட்டின் மின்னேற்றம் சரி. எஞ்சின் ஓய்ந்திருந்தபோது காட்டிய அளவையே காட்டின் அல்டர்னேற்றரிலிருந்து மின் வரவில்லை. 15 வோல்ற்றைக் கடக்குமாயின் ஒழுங்காக்கி பழுதடைந்துள்ளது; பற்றரியின் நீர் விரைவில் வற்றிவிடும்.

மின்னேற்றத்தைக் குறிக்கும் சிறு சிவப்பு விளக்கையும் கவனித்தல் வேண்டும். திறப்பைத் திருப்பியதும் அது எரிந்து, எஞ்சின் எழும்பியதும் அணைதல் வேண்டும். தொடக்கத்திலேயே எரியாதாயின் குமிழ் உருகியிருத்தல் கூடும். பல இயந்திரங்களில் அல்டர்னேற்றரைத் தூண்டும் முதல் மின் அக்குமிழின் வழியே செல்வதால், குமிழ் உருகினால் மின்னேற்றமும் தடைப்படலாம். எஞ்சின் ஓடும்போது பற்றரியின் வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் பழைய தைனமோக் காலத்தது. அல்டர்னேற்றர் உள்ள இயந்திரத்தில் அது டயோடுகளுக்குக் கேடு விளைக்கும்.

உருகிய பியூசுக்குப் பதிலாக அதே அம்பியர் அளவுடைய பியூசையே இடல் வேண்டும். சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளையோ தடித்த கம்பியையோ வைத்தால், அடுத்த முறை உருகுவது பியூசன்று, வயரே. வைக்கோலும் டீசலும் அருகிருக்கும் கொட்டிலில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

உயிரைக் காக்கும் விதி

அவசரத்தில் திருப்புளி ஒன்றை எடுத்து, தரையில் நின்றவாறே சொலனோயிட்டின் முனைகளை இணைத்து இயந்திரத்தை எழுப்பும் வழக்கம் பலரிடம் உண்டு. இது கொடிய வழக்கம். அவ்வாறு செய்யும்போது காப்பு ஆளிகள் யாவும் பயனற்றுப் போகின்றன. கியர் பூட்டிய நிலையில் இருப்பின், எஞ்சின் எழும்பிய கணமே இயந்திரம் பாயும். இயக்குபவரோ பின்சில்லின் முன்னே நிற்கின்றார். விலகுதற்கு நேரம் இராது. உலகின் பல நாடுகளிலும் உழவு இயந்திர விபத்துக்களால் நேர்ந்த மரணங்களுள் இவ்வாறு நேர்ந்தனவும் அடங்கும். காப்பு ஆளியை வயரால் இணைத்து ஏமாற்றுவதும் இதற்கு ஒப்பானதே.

இவ்வாபத்து முற்காலத்தவருக்கும் தெரிந்திருந்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரிற் செய்யப்பட்ட பேர்கசன் டீ.ஈ.20 இயந்திரத்திற் கியர்த் தண்டைத் தொடக்கும் நிலைக்குத் தள்ளினாலன்றி ஸ்டார்ட்டர் சுழலாது. கியர் பூட்டியிருக்கும்போது எஞ்சின் எழும்ப முடியாதவாறு செய்த எளிய உபாயம் அது. இன்றைய காப்பு ஆளிகளின் நோக்கமும் அதுவே.

மேட்டிலிருந்து இயந்திரத்தை உருட்டி எழுப்புதலும் குண்டசாலைப் பகுதிக்கு ஏற்றதன்று. எஞ்சின் எழும்பாவிடின் சரிவில் விரையும் கனத்த இயந்திரத்தைத் தடுத்தல் அரிது. கீழே வரம்பும் வாய்க்காலும் வீடும் காத்திருக்கும். ஒரு நாள் உழவு பிந்தினால் ஈடுசெய்யலாம். இழந்த உயிரை ஈடுசெய்ய வழியில்லை.

புதிய ஸ்டார்ட்டரை வாங்கும்போது

பழைய ஸ்டார்ட்டரைக் கடைக்குக் கொண்டு சென்று புதியதோடு ஒப்பிட்டே வாங்கல் வேண்டும். வோல்ற்று அளவு, சுழலும் திசை, சிறு பற்சில்லின் பற்களின் எண்ணிக்கை, பூட்டும் துளைகளின் இடைவெளி, ஓய்ந்திருக்கும்போது பற்சில்லு நிற்கும் தூரம் ஆகிய ஐந்தும் ஒத்திருத்தல் வேண்டும். பற்களில் ஒன்று கூடினும் குறையினும் எஞ்சினின் பெரும் பற்சில்லு அரைபட்டுப் போகும். அதனை மாற்றும் செலவு ஸ்டார்ட்டரின் விலையைக் கடந்துவிடும்.

பழையதைக் கழற்றுமுன் ஒவ்வொரு வயரிலும் ஒரு துணித் துண்டைக் கட்டி, எந்த முனைக்கு உரியதென எழுதிவைத்தல் சிறந்த முறை. கைத்தொலைபேசி உள்ளவர் படமொன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம். பூட்டிய பின் வயர்கள் புகைக் குழாயையோ சுழலும் பட்டியையோ தொடாதவாறு கட்டி, முனைகளின்மேற் சிறிது கிறீஸ் பூசிவிட்டால் மழைக்காலத்தில் துரு அணுகாது.

இச்சோதனைகளைச் செய்தும் கோளாறு புலப்படாதாயின், ஸ்டார்ட்டரையும் அல்டர்னேற்றரையும் மேடையிற் பூட்டிச் சோதிக்கும் வசதியுள்ள தொழிலாளரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அப்போதும், இன்ன சோதனை செய்யப்பட்டது, இன்ன அளவு கிடைத்தது என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு வேலை குறையும். கமக்காரருக்குச் செலவு குறையும். இயந்திரங்களைப் பேணும் முறைபற்றி மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.

பெரும்போகத்திற்கு முன்னைய வறண்ட மாதங்களே இயந்திரத்தைச் சீர்செய்தற்கு உகந்த காலம். ஓகஸ்ட் மாதத்திலேயே பற்றரியை அளந்து, முனைகளைத் துலக்கி, புவிப்பட்டியின் நட்டை இறுக்கி வைப்பவரின் இயந்திரம், முதல் மழை விழுந்த அன்று திறப்பின் ஒரே திருப்பில் எழும்பும்.